பெயர் வரும் அடியில் தேநீர்

கெர்மானில் பல் டாக்டர் மெஹ்ராபியின் வீட்டில் வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் ஒரு பாட்டுச் சபை கூடும். அங்கே தேநீர் எப்போது வரும் என்று யாரும் கேட்டதில்லை. கவிஞர் தன் பெயரைச் சொன்னதும் வரும்.

பழைய ஞானக் கவிதைகளைத்தான் அங்கே பாடுவார்கள். தாளம் கிடையாது. விருத்தம் பாடுவதுபோல ஒவ்வோர் ஈரடியாக எடுத்து, இழைத்து, கரைத்துப் பாடுவார்கள். பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடைவெளியில், டாக்டரின் மடியில் கிடக்கும் ஸேதார் அவர் பாடியதையே நான்கு தந்திகளில் திரும்பச் சொல்லிப் பார்க்கும். ஐந்தோ ஏழோ ஈரடிகள் இப்படிப் போகும். கடைசி ஈரடியில் கவிஞர் தன் புனைபெயரை முத்திரையாக வைத்திருப்பார். அந்தப் பெயர் காதில் விழுந்துவிட்டால் பாட்டு கரைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். குரல் இன்னும் கொஞ்ச நேரம் சுழன்று சுழன்று இறங்கும். அது அடங்கிய அதே நொடியில், கூடத்துத் திரையை முழங்கையால் விலக்கிக்கொண்டு, தட்டில் பதினாறு கண்ணாடிக் குவளைகளோடு தூபா வந்து நிற்பாள்.

ஒரு நொடி முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான்.

இது சும்மா கைவந்துவிடுகிற வித்தையில்லை. முன்கூட்டியே ஊற்றி வைத்தால் தேநீர் ஆறிப்போகும். பாட்டு முடிந்த பிறகு ஊற்ற ஆரம்பித்தால், பதினாறாவது குவளை நிறைவதற்குள் யாராவது வெங்காய விலையைப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். பாடியதெல்லாம் காற்றோடு போய்விடும். அதனால் தூபா வெந்நீர் கொதிக்கும் சமோவருக்குப் பக்கத்தில் நின்றபடி காதை மட்டும் கூடத்தில் வைத்திருப்பாள். பெயர் வந்ததும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். குவளைகள் மோதுகிற சத்தம் கூடத்துக்குப் போகக் கூடாதே! பிறகு கை பறக்கும். முதலில் கெட்டிச் சாயம், அதன்மேல் வெந்நீர். டாக்டருக்கு வெளிறிய மஞ்சள் நிறத்தில் இருக்க வேண்டும். நாணற்குழல் ஊதும் உஸ்தா கொர்பானுக்குக் குவளைக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியக் கூடாது. யாருக்கு எந்த நிறம் என்று தூபாவின் கைக்குத் தெரியும்.

இதனால் ஒரு வேடிக்கை நேர்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாத தூபாவுக்குக் காதாலேயே முந்நூறு கவிதைகள் மனப்பாடம். ஆனால் ஒன்றிலும் கடைசி ஈரடி கிடையாது. பெயர் வரைக்கும் தெரியும். பெயரைச் சொன்ன பிறகு கவிஞர் தனக்குத்தானே என்ன புத்தி சொல்லிக்கொண்டார் என்பது தெரியாது. அந்த நேரத்தில்தான் அவள் கதவைச் சாத்தியிருப்பாளே.

"உன்கிட்ட இருக்கிறது பூரா வாலறுந்த பல்லிடி," என்று டாக்டரின் மனைவி ஷம்சி சிரிப்பாள்.

"தலையும் உடம்பும் எனக்கு, வால் உங்களுக்கு. பங்கு சரியாத்தானே இருக்கு, கானும்?" என்பாள் தூபா. அங்கே மரியாதைக்குப் பெண்களைக் கானும் என்பார்கள்.

தூபா மாஹானில் பிறந்தவள். கெர்மானிலிருந்து மினிபஸ்ஸில் முக்கால் மணி நேரம். பதினேழு வயதில் செப்புச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஹைதரைக் கட்டிக்கொண்டு கெர்மானுக்கு வந்தாள். ஹைதர் நல்ல மனிதர், பேச்சுத்தான் வராது. சாப்பாட்டில் உப்பு கூடினாலும் சொல்ல மாட்டார், குறைந்தாலும் சொல்ல மாட்டார். தூபாவின் முப்பத்து நான்காவது வயதில் அவளையும் ஒரு மகளையும் விட்டுவிட்டு, அதையும் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு தூபா வீட்டு அடுப்பில் கொலொம்பே சுட்டுக் கடைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தாள். பேரீச்சம்பழமும் அக்ரூட்டும் ஏலக்காயும் சேர்த்து அரைத்த பூரணத்தை மாவுக்குள் வைத்து, மேலே மர அச்சால் பூக்குத்திச் சுடுகிற பண்டம் அது. கெர்மானில் எல்லோரும் சுடுவார்கள். தூபாவின் கொலொம்பேயில் பூவின் ஆறாவது இதழ் கொஞ்சம் மழுங்கியிருக்கும். அவள் அச்சில் அந்த இடம் தேய்ந்துவிட்டது. "ஆறாவது இதழ் இல்லாதது இருக்கா?" என்று கேட்டுத்தான் வாங்குவார்கள்.

சபைக்கு அவள் வந்ததே ஒரு பல்லால். ஒரு வெள்ளிக்கிழமை கடைவாய் வலி பொறுக்க முடியாமல் டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டினாள். டாக்டர் கையில் ஸேதாரோடு வந்து திறந்தார்.

"உள்ள வந்து உக்காருங்கம்மா. இந்த ஒண்ணு முடிஞ்சிடட்டும்."

நடையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். உள்ளே யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "எந்தப் பல்லு?" என்று கேட்டார். தூபா வலது கன்னத்தைத் தொட்டாள். பிறகு இடது கன்னத்தைத் தொட்டாள்.

"தெரியலையே டாக்டர். உள்ள வரும்போது தெரிஞ்சுது."

எப்படியோ கண்டுபிடித்து ஒன்றைப் பிடுங்கினார். "அவர் பிடுங்கினது நல்ல பல்லு. சொத்தைப் பல்லு பாட்டு கேட்டே செத்துப் போச்சு," என்று உஸ்தா கொர்பான் இன்றுவரை சாதிப்பார். அன்றைக்கு ஷம்சி ஊரில் இல்லை. பத்துப் பேர் தொண்டை வறண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்த தூபா, வாயில் பஞ்சோடு சமையலறைக்குள் போய் சமோவரை மூட்டினாள். அப்போது போனவள்தான்.

உஸ்தா கொர்பானைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொழிலில் அவர் குழாய் ரிப்பேர் செய்கிறவர். ஊருக்குக் குழாய், சபைக்குக் குழல். இரண்டிலும் அடைப்பு எடுப்பதுதான் தன் வேலை என்பார்.

சபையின் குரல் சஃபர் அலி. கெர்மானுக்கும் மாஹானுக்கும் மினிபஸ் ஓட்டுகிறவர். காலையிலிருந்து "மாஹான், மாஹான்! இன்னும் ஒரே ஆளு!" என்று கத்தி, அந்த ஒரே ஆளாகப் பத்துப் பேரை ஏற்றிவிடுகிற அதே தொண்டையில், வெள்ளிக்கிழமை இன்னொரு குரல் எங்கிருந்தோ வரும். கேட்டவர்களுக்கு முதுகுத்தண்டில் ஏதோ ஊரும். அவர் மனைவி நொஸ்ரத் பெண்கள் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். குரல் ஏறி ஒரு முடிச்சை அவிழ்த்ததும், "ஜான்!" என்பாள். உயிரே என்று அர்த்தம். ஒரே ஒரு சொல், சத்தமும் இல்லை. அதைக் கேட்ட பிறகுதான் சஃபர் அலி அடுத்த ஈரடிக்குப் போவார். நொஸ்ரத்தும் மாஹான்காரி. தூபாவும் அவளும் சின்ன வயதில் ஒரே வாய்க்காலில் துணி அலசியவர்கள்.

போன கோடையின் முடிவில், பத்தே நாள் காய்ச்சலில், நொஸ்ரத் போய்விட்டாள்.

சஃபர் அலி சபைக்கு வருவதை நிறுத்தவில்லை. ஆனால் பாடவில்லை. வழக்கமான இடத்தில் உட்காருவார். சர்க்கரைக் கட்டியைப் பல்லுக்கிடையில் வைத்துத் தேநீர் குடிப்பார். போய்விடுவார். யாரும் வற்புறுத்தவில்லை. வேறு இரண்டு பேர் பாடினார்கள், நன்றாகத்தான் பாடினார்கள். ஆனால் தூபா கதவுக்குப் பின்னால் நிற்கும்போது அவள் காதுக்குள் ஒரு பாத்திரம் காலியாகவே இருந்தது.

ஏழு மாதம் கழித்து, நவ்ரூஸ் புத்தாண்டு கழிந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை, டாக்டர் தந்தியை முறுக்கிச் சுதி சேர்த்துக்கொண்டிருந்தபோது சஃபர் அலி திடீரென்று, "நான் ஒண்ணு பாடட்டுமா?" என்றார்.

கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் மட்டும் சாதாரணமாகக் கேட்பதுபோல், "யாரோடது?" என்றார்.

"முசாஃபிரோடது."

முசாஃபிர் இருநூறு வருஷத்துக்கு முன்னால் மாஹானில் இருந்த ஒரு துறவி. அவர் கவிதைகள் அச்சில் வந்ததில்லை. சில வீடுகளில் கையெழுத்து ஏடுகளாக இருக்கின்றன. முசாஃபிர் என்றால் பயணி. சமையலறையில் தூபா இரண்டு கைகளையும் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அவள் கேட்டிராத கவிதை. ஏழு மாதம் கழித்துத் திறக்கிற வாய். இன்றைக்குத் தேநீர் ஒரு நொடி பிசகக் கூடாது.

சஃபர் அலி தொடங்கினார்:

"உன் வாசலில் விளக்கு எரிந்தது;
நான்தான் கண்ணை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன்."

குரல் முதலில் துருப்பிடித்த கதவுபோல வந்தது. இரண்டாவது ஈரடியில் எண்ணெய் இறங்கியது.

"பாலைக் காற்றிடம் உன் முகவரி கேட்டேன்;
சட்டையைப் பிடித்திழுத்து என்னிடமே விட்டுவிட்டுப் போனது."

தூபா கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாவது ஈரடி வந்தது.

"ஊர் ஊராய்ப் போன முசாஃபிர்
உன் கூடத்தில் நின்றே உன் வீட்டுக்கு வழி கேட்கிறான்."

முசாஃபிர்! பெயர் வந்துவிட்டது. பாடுகிறவர்கள் நடுவில் சில ஈரடிகளைத் தாண்டிப் போவது வழக்கம்தான். தூபா கதவைச் சாத்தினாள். கை பறந்தது. பதினாறு குவளைகள். கதவைத் திறந்தபோது குரல் இறங்கி அடங்கிக்கொண்டிருந்தது. திரையை விலக்கி, கூடத்துக்குள் காலை வைத்தாள்.

பதினைந்து முகங்கள் அவளைப் பார்த்தன. டாக்டரின் விரல் தந்திக்கு மேல் அந்தரத்தில் நின்றது. அடுத்த ஈரடியில் பாட்டு உச்சிக்கு ஏறப்போகிறது என்று எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த நேரம் அது. தூபாவின் கையில் ஒரு குவளை மற்றொன்றோடு மோதி 'கிளிங்' என்றது.

முசாஃபிர் பெயராக வரவில்லை. வெறும் சொல்லாக, யாரோ ஒரு பயணியாக வந்திருந்தான். பெயர் இன்னும் இரண்டு ஈரடி தள்ளி இருந்தது.

சஃபர் அலி அவளைப் பார்த்தார். கோபமாக எதுவும் இல்லை. கையை நீட்டி ஒரு குவளையை எடுத்தார், சர்க்கரையைப் பல்லில் கடித்தார், குடித்தார். "நல்ல டீ," என்றார். எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? "தூபா ஜான், எங்க வீட்டுக் கல்யாணத்துக்கும் வா. மாப்பிள்ளை சம்மதம் சொல்றதுக்கு முன்னாடியே டீயைக் கொடுத்துடுவே," என்றாள் ரொட்டிக் கடைக்காரி. தூபா பதிலுக்குப் பதில் கொடுக்கிறவள்தான். இந்த விஷயத்தில் மட்டும் வாய் வரவில்லை. கொலொம்பேயில் இரண்டு தட்டுகளுக்குப் பூக்குத்த மறந்தாள். ஏழு மாதம் மூடியிருந்த வாய் திறந்தது. அதைத் தான் ஒரு தட்டால் அடைத்துவிட்டோம். இனி திறக்குமா? அவளுக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை சபையில் பாட்டே நடக்கவில்லை, விவாதம்தான் நடந்தது. அவள் சங்கடப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல், டாக்டர் மூன்று வீடுகளில் கெஞ்சிக் கூத்தாடி முசாஃபிரின் ஏடுகளை வாங்கி வந்திருந்தார். ஆண்களெல்லாம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவற்றின்மேல் கவிழ்ந்து கிடந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் துள்ளி எழுந்தார்.

"தூபா கானும்! இங்க வாங்க! உங்க மேல தப்பே இல்ல. இந்த ஏட்டுல பாட்டு மூணாவது ஈரடியோட முடிஞ்சு போகுது. மத்த ரெண்டும் இல்லவே இல்ல!"

"அப்படின்னா அந்த முசாஃபிர் பேருதான். சொல்லு இல்ல," என்றார் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர்.

"அதெப்படி? பாத்து எழுதினவன் ரெண்டு ஈரடியைத் தின்னுட்டான், அவ்வளவுதான்," என்றார் உஸ்தா கொர்பான். "பசியா இருந்திருக்கும். தூபா கானும் அன்னிக்கு இருந்திருந்தா கொலொம்பே கொடுத்துக் காப்பாத்தியிருக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியார் விடவில்லை. பேரா, சொல்லா என்று இன்னும் கால் மணி நேரம் இழுபறி நடந்தது. தூபா தட்டை மார்போடு அணைத்தபடி நின்றாள். இவர்கள் தனக்காகத்தான் இவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று தெரிந்தது. மனசு இளகியது. ஆனால் அவளுக்கு வேண்டியது இது இல்லை.

"கடைசி ஈரடில பேரு வருதா, டாக்டர்?"

"மத்த ஏடுகள்ல வருதே. இதோ படிக்கிறேன், கேளுங்க..."

"வேணாம், வேணாம்!" தூபா பதறிக் கையை நீட்டினாள். "படிச்சுச் சொன்னா எனக்குப் பிடிபடாது. அது அவர் வாயிலதான் இருக்கு." கொஞ்சம் தயங்கினாள். "இன்னொண்ணு கேக்கிறேன், சிரிக்கக் கூடாது. அந்தக் கவிஞர் பேரும் நம்ம சஃபர் அலி பேரும் ஒண்ணுதானே? சஃபர், முசாஃபிர்."

"இல்லையே," என்றார் டாக்டர், பல்லைக் காட்டச் சொல்லும்போது பேசுகிற அதே கனிவோடு. "சஃபர் அலிங்கிறது சஃபர் மாசத்துல பொறந்ததால வெச்ச பேரு. நம்ம எழுத்துல 'ச' பல உண்டு, அதுக்கு வேற 'ச'. பயணத்துக்கு எழுதற சஃபருக்கு வேற 'ச'. ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது."

"காதுக்கு எத்தனை 'ச' டாக்டர்?"

 உஸ்தா கொர்பான் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ஏட்டின்மேல் வைத்தார். "காதுக்கு ஒண்ணுதான்," என்றார்.

அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது தூபா அந்த மூன்றாவது ஈரடியை மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். எத்தனையோ கவிதைகளில் 'பயணி' என்ற சொல் வருகிறது. அதற்கெல்லாம் அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியதில்லை. அன்றைக்கு மட்டும் ஏன் ஓடினாள்? சொல்லால் இல்லை. சஃபர் அலி அந்தச் சொல்லில் நின்றார். ஒரு ஆள் தன்னைத்தானே கூப்பிட்டுப் பார்க்கிற மாதிரி நின்றார். பிறகு குரல் இறங்கியது. உச்சிக்கு ஏறப்போகிற குரல் அப்படி இறங்காது. அது பெயர் வந்த பிறகு இறங்குகிற இறக்கம்.

சனிக்கிழமை காலை ஒரு பிளாஸ்க் நிறையத் தேநீரும், துணியில் சுற்றிய இரண்டு குவளைகளும், ஒரு பொட்டலம் கொலொம்பேயும் எடுத்துக்கொண்டு மினிபஸ் ஸ்டாண்டுக்குப் போனாள்.

"மாஹான், மாஹான்! இன்னும் ஒரே ஆளு!"

"அந்த ஒரே ஆளு நான்தான்," என்று சொல்லி ஏறி, ஓட்டுநருக்கு நேர் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்தாள். பக்கத்தில் எழுபது வயதுக் கிழவர் ஒருவர் பிஸ்தா மூட்டையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். சஃபர் அலி கண்ணாடியில் அவளைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"என்ன தூபா கானும், மாஹான்ல ஜோலியா?"

"ஜோலி மாஹான்ல இல்ல. ஸ்டியரிங் பிடிச்சிட்டு உக்காந்திருக்கு."

வண்டி நகர்ந்தது. ஊர் எல்லை தாண்டியது. மலைகள் தூரத்தில் நீலமாகக் கிடந்தன.

"மூணு வாரமா ஊரே என்னைத் திட்டுது," என்றாள் தூபா. "நீங்க மட்டும் திட்டல."

"எதுக்குத் திட்டணும்? டீ நல்லா இருந்துச்சு."

"அதுதான் குத்துது. ஒரு வார்த்தை திட்டியிருந்தா நிம்மதியா தூங்கியிருப்பேன்."

"சரி. அடுத்த வாட்டி திட்டறேன்."

"அடுத்த வாட்டின்னு ஒண்ணு இருக்கா?"

சஃபர் அலி கியரை மாற்றினார். மாற்ற வேண்டிய இடம் அது இல்லை. வண்டி முனகியது.

தூபா முன்னால் சாய்ந்தாள். "ஒண்ணு கேக்கிறேன், உண்மையைச் சொல்லுங்க. அன்னிக்கு மூணாவது ஈரடியோட நிறுத்திக்கிறதாத்தானே இருந்தீங்க?"

"யாரு சொன்னா?"

"உங்க குரல்தான் சொல்லிச்சு. எனக்கு வேற யாரு சொல்லுவா?"

பிஸ்தா மூட்டைக்காரர் மூட்டையை இறுக்கிக்கொண்டு காதை இந்தப் பக்கம் திருப்பினார். சஃபர் அலி எதிரே வந்த லாரிக்கு வழிவிட்டார்.

"பேருன்னு நெனச்சு ஏமாந்துபோய் நீங்க வந்துட்டதா எல்லாரும் பேசிக்கிறாங்களாம். எனக்குத் தெரியும், நீங்க ஏமாறல. நான் முடிச்சிட்டேன்னு தெரிஞ்சு வந்தீங்க. டாக்டருக்குத் தெரியல. கொர்பானுக்குத் தெரியல. மேல ஏறப்போறேன்னு பாத்திட்டிருந்தாங்க. நான் ஏறப்போறதில்ல. அப்படியே நழுவிடலாம்னு இருந்தேன். திரையை விலக்கிட்டு நீங்க தட்டோட வந்து நின்னீங்க பாருங்க, திருடனைக் கையும் களவுமா பிடிச்ச மாதிரி ஆயிடுச்சு. எந்த மூஞ்சியை வெச்சிட்டு மறுபடி வர்றது?"

"அதானே பாத்தேன். இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நொடி பிசகாத டீ," என்றாள் தூபா. சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அந்தக் கடைசி ஈரடில அப்படி என்ன இருக்கு, இவ்வளவு பயப்படறதுக்கு?"

"வந்து சேந்தாச்சுன்னு வருது." அவர் குரல் மெலிந்தது. "என் பேரைச் சொல்லி, நீ வந்து சேந்துட்டேன்னு வருது. நொஸ்ரத்துக்கு அந்தப் பாட்டு உசிரு. முசாஃபிர் உங்க பேருதான்னு கேலி பண்ணுவா. நான் வேற 'ச'ன்னு சொன்னா, போய்யா நீயும் உன் 'ச'வும்பா. இப்ப வீட்டுக்குப் போனா நானே சாவி போட்டுத் திறக்கிறேன். இதுல எங்க வந்து சேந்தேன்னு பாடச் சொல்றீங்க?"

 தூபா ஆறுதல் சொல்லத் தெரிந்த ஆள் இல்லை. ஹைதரோடு பதினேழு வருஷம் வாழ்ந்தவளுக்குச் சும்மா இருக்கத்தான் தெரியும். பிளாஸ்க்கை மடியில் நேராக வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"எனக்குப் பெரிய பேச்செல்லாம் வராது, சஃபர் அலி. மூணு வாரமா அந்தத் தட்டு என் கையிலதான் இருக்கு. மாவு பிசையும்போதும் இருக்கு, தூங்கும்போதும் இருக்கு. பேரு வராம எறக்கி வைக்க எனக்குத் தெரியல. நீங்க வந்து சேந்தா என்ன, சேராட்டி என்ன? பாட்டை மட்டும் கொண்டுவந்து சேத்துடுங்க. என் கை வலிக்குது."

"பாடிடேன்ப்பா," என்றார் பிஸ்தா மூட்டைக்காரர். "பதினாறு குவளைன்னா சும்மாவா? இந்த மூட்டைக்கே எனக்குத் தொடை மரத்துப்போச்சு."

"பதினாறுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்றார் சஃபர் அலி கண்ணாடியில் பார்த்து.

"கெர்மான் பூராவும் தெரியுமே."

சஃபர் அலி தன்னையும் மீறிச் சிரித்துவிட்டார்.  மாஹான் தர்காவின் நீலக் கோபுரம் மரங்களுக்கு மேலே தெரிந்தது. சினார் மரங்களின் நிழலில், எப்போதும் நிறுத்துகிற இடத்தில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். கதவைத் திறக்கவில்லை. இரண்டு கைகளும் ஸ்டியரிங்மேல் இருந்தன. பின்சீட்டில் ஒருவர் மூட்டை முடிச்சோடு எழுந்து, "கதவு, தம்பி," என்றார். பிஸ்தா மூட்டைக்காரர் திரும்பி, "உஸ்ஸ்!" என்றார்.

கண்ணாடியைப் பார்த்தபடியே சஃபர் அலி நான்காவது ஈரடியை எடுத்தார். அன்றைக்கு ஏறாத உச்சிக்கு இன்றைக்கு ஏறினார்.

"இரவு நீளம் என்றார்கள்;
உன் பெயரை ஒரு முறை சொல்வதற்குள் விடிந்துவிட்டது."

ஏறிய இடத்தில் குரல் நடுங்கியது. நின்றது. ஒரு "ஜான்" வர வேண்டிய இடம் அது. தூபா வாழ்நாளில் அந்தச் சொல்லைப் பாட்டுக்குச் சொன்னதில்லை. அது நொஸ்ரத்தின் சொல். அவள் வாயைத் திறக்கவில்லை. பிஸ்தா மூட்டைக்காரர்தான், பாட்டுச் சபை எதையும் பார்த்திராத மனிதர், தொண்டைக்குள்ளேயே, "ஜான்," என்றார்.

சஃபர் அலி அந்த வெற்றிடத்தைத் தாண்டினார்.

"முசாஃபிரே..."

பெயர் வந்துவிட்டது. தூபாவின் கை தானாகப் பிளாஸ்க் மூடிக்குப் போனது. திருகத் தொடங்கி அப்படியே நின்றது. மினிபஸ்ஸில் சாத்திக்கொள்ளக் கதவு எதுவும் இல்லை. ஊற்றினால் சத்தம் கேட்கும். அவளுக்குச் செய்வதற்கு ஒன்றுமே இல்லை, கேட்பதைத் தவிர.

"முசாஃபிரே, வந்து சேரவில்லை என்று யார் சொன்னது?
நீ வழி கேட்ட குரல் உனக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது."

இத்தனை கவிதைகளும் இப்படித்தான் முடிந்தனவா? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், கதவுக்கு அந்தப் பக்கம், இப்படி ஒன்று நடந்துகொண்டா இருந்தது? குரல் சுற்றிச் சுழன்று இறங்கியது. சினார் இலைகளின் சலசலப்போடு கலந்து அடங்கியது. யாரும் எழுந்திருக்கவில்லை. கதவைத் திறக்கச் சொன்னவர் மூட்டையை மறுபடி கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

சஃபர் அலி முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"தூபா கானும், பேரு வந்து எவ்வளவு நேரமாச்சு? டீ எங்க?"

தூபா மடியைப் பார்த்தாள். பிளாஸ்க் மூடி பாதி திருகியபடி இருந்தது. குவளைகள் துணிக்குள்ளேயே கிடந்தன.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள். "இப்பதான் ஊத்தணும்."

"இன்னிக்குத் திட்டலாமா?"

"நல்லா திட்டுங்க."

இரண்டே குவளைகள்தான் இருந்தன. முதலாவதை ஓட்டுநருக்குக் கொடுத்தாள். இரண்டாவதைப் பிஸ்தா மூட்டைக்காரருக்கு நீட்டினாள். அவர் வாங்கிச் சீட்டில் வைத்துவிட்டு, மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி பிஸ்தாவை எடுத்து அவள் மடியில் போட்டார். "அடுத்த வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.